சக்கரத்தடியில் எரிமலை

தெற்கு ஐஸ்லாந்தில் ஹெக்லா எரிமலையைச் சுற்றி ஓடும் மண்சாலைகளில் சைக்கிள் ஓட்டினால் ஒரு விஷயம் சீக்கிரமே தெரிந்துவிடும். கண்ணுக்குத் தரை முழுவதும் ஒரே கறுப்பு. சக்கரத்துக்கு அப்படி இல்லை. ஓரிடத்தில் டயர் சத்தமில்லாமல் உருண்டோடும். சற்றுத் தள்ளிப் போனால் அதே நிறம், அதே தட்டையான பரப்பு. ஆனால் முன்சக்கரம் புதைந்து வண்டி நின்றுவிடும். இன்னும் கொஞ்ச தூரத்தில், புதையாத தரையிலும் கற்கள் பக்கவாட்டில் நழுவி ஹேண்டில்பாரைப் பிடுங்கும். பாறையின் வேதியியல் இந்த மூன்று இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கலாம். வேறுபடுவது இரண்டு சங்கதிகள்: எரிமலை கக்கிய பாறைக்குழம்பு எப்படிக் குளிர்ந்தது, குளிர்ந்த துகள்களை இப்போது எது பிடித்துவைத்திருக்கிறது. இந்த இரண்டாவது கேள்விதான் இந்தக் கட்டுரை முழுவதும் நம்மோடு வரப்போகிறது. சைக்கிளுக்கு மட்டுமல்ல, அந்த நாட்டின் மண்ணுக்கே அது உயிர்க்கேள்வி.

முதலில் வண்டி. கிராவல் பைக் என்பது பந்தய சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரும், அதைவிட நிதானமான சட்டமும், 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமான டயரும், டிஸ்க் பிரேக்கும் கொண்டது. தார்ச்சாலையிலும் ஓடும், கப்பிச்சாலையிலும் ஓடும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2006-ல் தொடங்கிய ஒரு நெடுந்தூரப் போட்டி இந்த விளையாட்டுக்குப் பெரிய விளம்பரம் தேடித்தந்தது. 2022-ல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் இதற்கான முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. ஐஸ்லாந்தில் 2019-ல் தொடங்கிய ‘தி ரிஃப்ட்’ போட்டி க்வோல்ஸ்வோட்லுர் என்ற சிற்றூரிலிருந்து கிளம்பி, ஹெக்லாவைச் சூழ்ந்த லாவா வெளிகளில் 200 கிலோமீட்டர் போகிறது. போட்டிக்கு வராதவர்களும் கோடையில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கியோலுர், ஸ்ப்ரெங்கிசான்டுர் என்ற பழைய வழித்தடங்களில் நாட்டின் நடுப்பகுதியைக் கடக்கிறார்கள்.

அந்த நாட்டில் சரளைக்குப் பஞ்சமே இல்லை என்பதற்குக் காரணம் பூமியின் அடியில் இருக்கிறது. வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வீதம் விலகிக்கொண்டிருக்கும் பிளவு கடலடியில் நீண்டு கிடக்கிறது. அந்தப் பிளவின்மேல், ஆழத்திலிருந்து கூடுதல் வெப்பம் எழும் இடம் ஒன்றும் சேர்ந்துகொண்டதால் கடலடி உயர்ந்து தீவாகிவிட்டது. சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் முப்பதை ஒட்டிய எரிமலைத் தொகுதிகள் இன்னும் உயிரோடிருக்கின்றன. பெரும்பகுதி பாறை பசால்ட். மும்பையிலிருந்து புனே போகும்போது மலைச்சரிவில் படிப்படியாகத் தெரியும் கரும்பாறையும் பசால்ட்தான். ஆனால் தக்காணத்தின் அந்தப் பாறைக்கு வயது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டு. வெயிலும் மழையும் வேரும் அதை அரைத்து மண்ணாக்க அத்தனை காலம் கிடைத்தது. ஹெக்லாவின் அடிவாரத்தில் கிடக்கும் கல்லில் ஒரு பகுதிக்கு நம் பெற்றோர் வயதுதான். அது மண்ணாக மாறத் தொடங்கவே இல்லை.

இனி அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

எரிமலை வானில் வீசும் பொருளை நிலவியலாளர்கள் அளவை வைத்துப் பிரிக்கிறார்கள். 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தது சாம்பல். 2 முதல் 64 மில்லிமீட்டர் வரை உள்ளது லப்பில்லி. அதற்கு மேலே இருப்பவை எரிமலைக் குண்டுகளும் கட்டிகளும். ‘சாம்பல்’ என்றதும் அடுப்புச் சாம்பலை நினைத்துவிடக்கூடாது. அது எரிந்து மிஞ்சியது, மிருதுவானது, நீரில் ஓரளவு கரைவது. எரிமலைச் சாம்பல் நொறுங்கிய கண்ணாடியும் பாறையும். பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் வாயுக்கள் மேலே வரும்போது அழுத்தம் குறைந்து குமிழியாகின்றன. குமிழிகள் பெருத்து, சுவர் மெலிந்து, குழம்பே துண்டுதுண்டாகச் சிதறுகிறது. சிதறிய துளி காற்றில் நொடிகளில் குளிர்ந்துவிடுகிறது. அணுக்கள் ஒழுங்காக அடுக்கிப் படிகமாக நேரம் கிடைப்பதில்லை. ஆகவே கண்ணாடியாக உறைகிறது. உடைந்த குமிழிச் சுவர்கள்தான் ஒவ்வொரு துகளின் விளிம்பும். அதனால்தான் உருப்பெருக்கியில் பார்த்தால் எரிமலைச் சாம்பலில் உருண்டையான துகளைக் காண்பது அரிது.

இந்தக் கூர்மையால் நன்மையும் உண்டு, கெடுதலும் உண்டு. ஆற்றுச் சரளை தண்ணீரில் உருண்டு உருண்டு வழவழப்பானது; டயர் ஏறினால் ஒன்றின்மேல் ஒன்று உருண்டு விலகிவிடும். கோணல்மாணலான எரிமலைக் கல் பக்கத்துக் கல்லோடு கொக்கி போட்டுக்கொள்ளும். பெரியதும் சிறியதும் சரியான விகிதத்தில் கலந்து, நன்கு அழுத்தப்பட்டிருந்தால் அருமையான பரப்பு கிடைக்கும். ஆனால் நல்ல சரளைச் சாலைக்குக் கல்லும் மணலும் மட்டும் போதாது. இடுக்குகளை அடைத்துப் பிடிக்கும் களிமண் போன்ற மிக நுண்ணிய பொடியும் வேண்டும். புது எரிமலை நிலத்தில் குறைவாக இருப்பது அதுதான். களிமண் உருவாகப் பாறை சிதைய வேண்டும், சிதையக் காலம் வேண்டும். இருக்கும் கொஞ்சப் பொடியையும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது ஒட்டாத கல்.

குமிழி நிறைந்த சிவப்பும் கறுப்புமான ஸ்கோரியா கல் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். பார்க்கப் பெரிதாக இருக்கும், எடை இருக்காது. கனமான கல் தன் எடையாலேயே இடத்தில் நிற்கும். இது டயர் தொட்டதும் எகிறிவிடும். சிலிக்கா மிகுந்த குழம்பிலிருந்து வரும் வெளிர்நிற நுரைக்கல் அதைவிட லேசு, தண்ணீரில் மிதக்கும். சக்கரத்தின் அடியில் அது பொடிந்தும் போகும். அகலமான தடத்தில் நுரைக்கல் அடுக்கு ஒரு சாண் ஆழம் கிடந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் வழி.

பனியாற்றுக்கு அடியில் வெடித்த எரிமலைகளின் கதை வேறு. பனியுகத்தில் தீவு முழுவதும் பனிப்போர்வை கிடந்தபோது, அதன் அடியில் எழுந்த குழம்பு உருகிய நீரில் பட்டு நொறுங்கிக் கண்ணாடித் துகளாகக் குவிந்தது. அந்தக் கண்ணாடி தண்ணீரை உறிஞ்சி, மெல்ல மாறி, பழுப்பு மஞ்சள் நிறமுள்ள ஒரு பொருளாகிறது. அதன் பெயர் பலகோனைட். அதுவே துகள்களை ஒட்டும் பசையும் ஆகிவிடுகிறது. வெந்நீர் இருந்தால் இந்த மாற்றத்துக்கு அதிக காலம் பிடிப்பதில்லை. 1963 முதல் 1967 வரை கடலிலிருந்து எழுந்த சுர்ட்சே தீவில், வெடிப்பு ஓய்ந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே தளர்ந்த சாம்பல் கல்லாக இறுகியதை ஆய்வாளர்கள் நேரில் கண்டார்கள். அலை அடித்தும் அந்தத் தீவு இன்னும் மிஞ்சியிருப்பதற்கு இந்த இறுக்கமும் ஒரு காரணம். உச்சி தட்டையான 1,682 மீட்டர் உயர ஹெர்துபிரெய்த் மலையும் பனிக்கடியில் பிறந்ததே. பழுப்பு நிறம் கண்ணில் படும் இடங்களில் துகளைத் துகள் பிடித்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதைச் சைக்கிள்காரர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

டயருக்கு வருவோம். வண்டியும் ஆளும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்துக்கு 50 கிலோ. பந்தய சைக்கிளில் போடுவதுபோல் 6 பார், அதாவது வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு அழுத்தம் காற்றடித்தால், அந்த எடையைத் தாங்கத் தரையில் 8 சதுர சென்டிமீட்டர் டயர் பட்டால் போதும். அதே எடைக்கு 2 பார் மட்டும் அடித்தால் 24 சதுர சென்டிமீட்டருக்கு மேல் படிய வேண்டும். தரைக்குப் போகும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. தளர்ந்த மணலில் சக்கரம் புதையும் ஆழத்தை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த அழுத்தம்தான். புதைந்த சக்கரம் தன் குழியிலிருந்து தானே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். மேட்டில் மிதிக்கும் உழைப்பைச் சமதரையிலேயே உடம்பு செலவழிக்கிறது.

தளர்ந்த நிலத்தில் சக்கரம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒரு தனி அறிவியலாகவே வளர்த்தவர் போலந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மியெசிஸ்வாஃப் பெக்கர். இத்துறையில் அவர் எழுதிய நூல் 1956-ல் வெளிவந்தது. எந்த மண், எந்த அழுத்தத்தில், எவ்வளவு ஆழம் அமுங்கும் என்று கணிக்க அவர் தந்த சமன்பாடுகளை இன்றும் பயன்படுத்துகிறார்கள். அப்போலோ 15 விண்கலம் 1971-ல் நிலவுக்குக் கொண்டுபோன காருக்கும் அவருடைய உழைப்பு உதவியது. அதன் சக்கரத்தில் காற்றே கிடையாது. எஃகுக் கம்பியைப் பின்னிய வலை, மேலே டைட்டானியம் பட்டைகள். நிலவின் கரிய சமவெளிகளும் பசால்ட் பாறையே. அதனால்தான் அப்போலோ விண்வெளி வீரர்கள் 1965-லும் 1967-லும் நிலவியல் பயிற்சிக்காக ஐஸ்லாந்தின் அஸ்க்யா எரிமலைப் பகுதிக்கு அழைத்துவரப்பட்டார்கள். இரண்டாவது குழுவில் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் இருந்தார். தளர்ந்த எரிமலைப் பொடியில் ஒரு சக்கரம் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்ற கேள்வி நிலவுக்கும் ஐஸ்லாந்து மேட்டுநிலத்துக்கும் பொதுவானது என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் உற்சாகம் பிறக்கும்.

இறுகிய தரையிலும் காற்றைக் குறைப்பதால் லாபம் உண்டு. கல்லடுக்கிய பாதையில் இறுகக் காற்றடித்த டயர் ஒவ்வொரு கல்லின்மீதும் ஏறி இறங்குகிறது. வண்டியும் ஆளும் சேர்ந்து குலுங்குகிறார்கள். அந்தக் குலுக்கலைத் தசையும் கொழுப்பும் உறிஞ்சி வெப்பமாக்கிவிடும். முன்னால் போக வேண்டிய ஆற்றல் அப்படி உடம்புக்குள் வீணாகிறது. மெத்தென்ற டயரோ சிறு கல்லைத் தனக்குள் அமுக்கிக்கொண்டு நேராகப் போகும். காற்று அதிகமானால் வேகம் கூடும் என்று சைக்கிள்காரர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். வழவழப்பான உருளையில் வைத்துச் சோதித்தால் அது உண்மைதான். கரடான தரையில் ஒரு எல்லைக்கு மேல் அது தலைகீழாகிவிடுகிறது. அதற்காக அளவின்றிக் குறைக்கவும் முடியாது. கூரான லாவாக் கல்லுக்கும் சக்கர விளிம்புக்கும் நடுவே டயர் நசுங்கி வெட்டுப்படும். இதனால்தான் இப்போது ட்யூப் இல்லாத டயரில் பால் போன்ற திரவத்தை ஊற்றிவைக்கிறார்கள். சிறு ஓட்டை விழுந்தால் காற்றோடு வெளியே வரும் திரவம் அங்கேயே உறைந்து அடைத்துவிடும். பக்கச் சுவரில் நீளமாகக் கீறல் விழுந்தால் மட்டும் இந்த வித்தை பலிக்காது.

செயினும் பிரேக்கும் தனிப் பாடு. எரிமலைக் கண்ணாடி அலுமினியத்தைவிடப் பல மடங்கு கடினம். பசால்ட்டில் உள்ள ஆலிவின் கனிமம் கண்ணாடியைவிடவும் கடினம். ஈரமான கரும்பொடி எண்ணெயில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடுகிறது. நீண்ட பயணத்தில் பிரேக் கட்டைகளைக் கூடுதலாக எடுத்துப்போவது அங்கே ஆடம்பரம் அல்ல.

சரளைச் சாலையில் எல்லாரையும் வதைப்பது ஒன்று உண்டு: குறுக்கே வரி வரியாக, ஒரே இடைவெளியில், கிலோமீட்டர் கணக்கில் தொடரும் மேடு பள்ளம். ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நம் ஊர் மண்சாலைகளிலும் இதைக் காணலாம். ஓட்டுநர்கள் காரின் ஸ்பிரிங்கையும் எஞ்சினின் இழுப்பையும் குறை சொல்வார்கள். 2007-ல் டாபர்லே, மாரிஸ், மெக்கெல்வெய்ன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு அதைத் தீர்த்துவைத்தது. சுழலும் வட்ட மேடையில் மணலைப் பரப்பி, ஒரு கையில் மாட்டிய சக்கரத்தை அதன்மேல் உருளவிட்டார்கள். ஸ்பிரிங் இல்லை, எஞ்சின் இல்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் தட்டையாகவே கிடந்தது. அந்த வேகத்தைத் தாண்டியதும் வரிகள் எழுந்தன.

காரணம், மணல் பிதுங்கி விலகும் விதம். குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசினால் போதுமான வேகம் இருக்கும்வரை தத்தித் தத்திப் போகும், வேகம் குறைந்ததும் முழுகிவிடும். மணலின்மேல் உருளும் சக்கரத்துக்கும் ஏறத்தாழ அதே கணக்குதான். வேகமாக வரும் சக்கரம் தனக்கு முன்னால் மணலைக் குவிக்கிறது, அதன்மேல் ஏறுகிறது, தாவி விழுகிறது, விழுந்த இடத்தில் பள்ளம் தோண்டுகிறது. அடுத்த சக்கரம் அந்தப் பள்ளத்தை இன்னும் ஆழமாக்குகிறது. வரிகள் வண்டிகள் போகும் திசையில் மெல்ல நகரவும் செய்கின்றன. மணலின் அளவை மாற்றியும், சக்கரத்தின் எடையை மாற்றியும் பார்த்தார்கள். வரி எழுவதைத் தடுக்க முடியவில்லை. மெதுவாகப் போனால் மட்டும் தப்பலாம். அந்த மெதுவோ எந்தக் கார்க்காரரும் பொறுக்கமுடியாத அளவு மெதுவு. இயந்திரம் வந்து சாலையைச் செதுக்கிச் சமப்படுத்திவிட்டுப் போனாலும், கார்கள் ஓட ஓட வரிகள் திரும்பிவிடும்.

இந்த வரிகளைச் செதுக்கியது கார், குலுங்குவது சைக்கிள். வரிகளுக்கு இடையே 60 சென்டிமீட்டர் என்று வைத்து, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு ஒன்பது உலுக்கல். வேகத்தை 12 கிலோமீட்டராகக் குறைத்தால் ஐந்தரை. உட்கார்ந்திருக்கும் மனித உடல் செங்குத்தாக மிக அதிகமாக அதிரும் வீச்சு நொடிக்கு 4 முதல் 8 வரை. ஆக, மெதுவாகப் போவதும் முழு நிவாரணம் தராது. அனுபவசாலிகள் இருக்கையிலிருந்து சற்றே எழும்பி, முழங்காலையும் முழங்கையையும் தளர்த்தி, கார்ச் சக்கரம் அதிகம் படாத சாலையின் ஓரத்தையோ நடுமுதுகையோ பிடித்துப் போகிறார்கள். ஓரம் என்றால் சாலைக்குள் இருக்கும் ஓரம். அதைத் தாண்டக்கூடாது என்பதற்கான காரணத்துக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

தண்ணீர் இந்தக் கதையில் இரண்டு பக்கமும் ஆடும். மழை விட்ட கரும்மணல் வெளி பெரும்பாலும் உலர்ந்த மணலைவிட நன்றாக ஓட்டவரும். ஈரத்தில் துகளுக்கும் துகளுக்கும் இடையே நீர்ப்பாலங்கள் உண்டாகின்றன. அவற்றின் பரப்பு இழுவிசை துகள்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. வெயிலில் அந்தப் பாலங்கள் வற்றினால் பிடிப்பு போய்விடும். இடைவெளி முழுக்க நீர் நிரம்பினாலும் போய்விடும், ஏனென்றால் அப்போது பாலமே இல்லை, துகள்கள் நீரில் மிதக்கத் தொடங்குகின்றன. மிர்தால்ஸ்யோகுல் பனிமலையின் வடக்கே பரந்துகிடக்கும் மைலிஃபெல்சான்டுர் கரும்மணல் வெளியைக் கடப்பவர்கள் ஒரே நாளில் இந்த மூன்று நிலையையும் சந்திக்கலாம்.

பனியாற்று நீரோடைகளுக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. பகல் வெயிலில் பனி உருகி, அந்த நீர் கீழே வந்துசேரச் சில மணி நேரமாகும். ஆகவே மாலையில் வெள்ளம் உச்சம், அதிகாலையில் குறைவு. பாலமில்லாத ஓடையைக் கடக்கக் காலையில் கிளம்ப வேண்டும். பாறைமாவு கலந்து பால்போல் ஓடும் நீரில் அடி தெரியாது. குறுகலான இடத்தில் நீர் ஆழமாகவும் வேகமாகவும் இருக்கும்; பல கிளைகளாகப் பிரிந்து அகன்று ஓடும் இடத்தில் ஒவ்வொரு கிளையும் ஆழம் குறைந்தது. சைக்கிளை நீரோட்டம் வரும் பக்கம் பிடிக்காமல், கீழ்ப்பக்கம் வைத்துத் தள்ளிப்போவது நல்லது. இல்லாவிட்டால் வெள்ளம் வண்டியையே நம்மீது தள்ளிவிடும். முழங்காலுக்குமேல் வேகமாக ஓடும் நீரில் இறங்காமல் காத்திருப்பதே புத்தி.

இப்போது சாலையோர மண்திட்டுகளைப் பார்க்கலாம். ஹெக்லா சுற்றுவட்டாரத்தில் ஆள் உயரத்துக்கும் மேலாக, தலையில் புல்லோடு தனித்தனியாக நிற்கும் திட்டுகள் உண்டு. வெட்டுப்பட்ட பக்கத்தில் பழுப்பு மண்ணுக்கு நடுவே கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று கோடுகள் ஓடும். ஒவ்வொரு கோடும் ஒரு வெடிப்பு. இக்கோடுகளை வேதியியலாலும் பழைய ஆவணங்களாலும் அடையாளம் கண்டு, நாடெங்கும் பொருத்திப்பார்த்து, ஒரு காலக்கணக்காகவே ஆக்கியவர் ஐஸ்லாந்தின் நிலவியலாளர் சிகுர்துர் தோராரின்சன். 1944-ல் வந்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வு இத்துறைக்கு அடித்தளம். ஹெக்லா எத்தனை நீண்ட காலம் ஓய்வெடுக்கிறதோ, அடுத்த வெடிப்பின் தொடக்கத்தில் வரும் பொருளில் சிலிக்கா அத்தனை அதிகம் என்பதும் அவர் கண்டது. அதனால்தான் நீண்ட தூக்கத்துக்குப் பிறகு வந்த வெடிப்புகள் வெளிர்நிறக் கோடுகளாகத் தெரிகின்றன. சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெருவெடிப்பு அப்படி ஒரு வெண்கோட்டை விட்டுச்சென்றது. 1104-ல் வந்த வெளிர்நிற நுரைக்கல் த்யோர்சார்தாலூர் பள்ளத்தாக்கின் பண்ணைகளை மூடியது; அவற்றில் ஸ்டோங் என்ற பண்ணைவீட்டை 1939-ல் தோண்டி எடுத்தார்கள். 1947 மார்ச் வெடிப்பின் சாம்பல் இரண்டே நாளில் பின்லாந்தை எட்டியது.

திட்டுகள் ஏன் தனித்தனியாக நிற்கின்றன? மற்ற மண் எங்கே? அது பறந்துபோய்விட்டது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மனிதர்கள் குடியேறியபோது தீவின் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் பிர்ச் மரக்காடு இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். விறகுக்கும் கரிக்கும் வெட்டினார்கள். ஆடுகள் துளிர்களைத் தின்றன. இருபதாம் நூற்றாண்டில் காடு ஏறத்தாழ ஒரு விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான மண் லேசானது, களிமண்ணைப்போல் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளத் தெரியாதது. அதை வேர் பிடித்திருந்தது. வேர் போனதும் காற்று ஓரத்திலிருந்து அரிக்கத் தொடங்கியது. அரிப்பு விளிம்பு ஒருமுறை திறந்துவிட்டால் தானாக மூடுவதில்லை. பறக்கும் மணல் அடுத்த புல்லை அறுக்கிறது, அங்கே புது விளிம்பு திறக்கிறது. 1907-ல் ஐஸ்லாந்து மண் பாதுகாப்புக்கென்று ஒரு அரசு அமைப்பையே தொடங்கிய காரணம் இது. இன்றும் 20,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் மணற்பாலை. மழை குறையாத, சகாரா வெயில் எட்டிக்கூடப் பார்க்காத நாட்டில் பாலை.

சாலையின் ஓரத்தைத் தாண்டக்கூடாது என்றது இதற்காகத்தான். லாவாவின்மேல் கனமாகப் படர்ந்திருக்கும் சாம்பல்பச்சைப் பாசி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளரும். அதன்மேல் ஒரு முறை சக்கரம் உருண்டால் போதும். தடம் பல பத்தாண்டுகள் நிற்கும். பாசி கிழிந்த இடத்தில் நீர் ஓடும், நீர் ஓடிய இடத்தில் காற்று நுழையும். சாலையை விட்டு வாகனம் ஓட்டுவது ஐஸ்லாந்தில் சட்டப்படி குற்றம். சைக்கிளும் சாலையிலும் வகுத்த தடத்திலும் போக வேண்டும். காருக்கு எதிரே சைக்கிள் எம்மாத்திரம் என்று கேட்பவர்களுக்கு மேலே போட்ட கணக்கே பதில்: காற்றைக் குறைத்தாலும் நம் டயர் தரைக்குத் தரும் அழுத்தம் காரின் டயர் தருவதற்குச் சற்றும் குறைந்ததல்ல. கார் டயரிலும் அதே 2 பார் சொச்சம்தான் இருக்கிறது.

மேட்டுநிலச் சாலைகள் வசந்தத்தில் மூடிக்கிடப்பதற்கும், நீர் நிரம்பினால் துகள்களின் பிடிப்பு போய்விடும் என்ற அதே இயற்பியல்தான் காரணம். குளிர்காலத்தில் மண்ணுக்குள் நீர் பனிக்கட்டியாகி அடுக்கடுக்காகப் பெருக்கிறது. வெயில் வந்தால் மேல்பகுதி முதலில் உருகும்; அடியில் இன்னும் உறைந்திருப்பதால் நீர் வடிய வழியில்லை. சாலை சகதியாகி, கார் போனாலும் சைக்கிள் போனாலும் பள்ளம் விழும். சில வழிகள் ஜூன் நடுவில் திறக்கும், சில ஜூலை வரை காத்திருக்கும். வரைபடத்தில் மூடியது என்று போட்டிருந்தால் அது ஓட்டுபவரின் பாதுகாப்புக்காக மட்டும் போட்டதல்ல.

ஹெக்லாவுக்கே உரிய ஆபத்தும் ஒன்று உண்டு. பல எரிமலைகள் வாரக்கணக்கில் நிலநடுக்கம் காட்டிவிட்டு வெடிக்கும். ஹெக்லா அப்படிச் செய்வதில்லை. 2000 பிப்ரவரி 26 அன்று முதல் சிறு அதிர்வுகளுக்கும் வெடிப்புக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. உச்சியை நோக்கிப் போகிறவருக்கு அது இறங்கும் நேரத்தைவிடக் குறைவாக இருக்கலாம். அடிவாரச் சாலையில் இருப்பவருக்கும் காற்றின் திசை தெரிந்திருந்தால்தான் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியும். 1970 வெடிப்பின் சாம்பலில் ஒட்டியிருந்த ஃபுளோரின் புல்லோடு வயிற்றுக்குப் போய் ஆயிரக்கணக்கான ஆடுகளைக் கொன்றது. 1783-84 லாகி வெடிப்பில் எட்டு மாதம் வந்த வாயுவும் அதன்பின் வந்த பஞ்சமும் நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ பலிகொண்டன.

அடுத்த வெடிப்பு வரும் என்பது உறுதி என்பதால்தான் ஹெக்லாவைச் சுற்றி ஒரு பெரிய வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஹெக்லுஸ்கோகர் என்று பெயர். நாட்டின் பரப்பில் ஒரு விழுக்காட்டை ஒட்டிய, சுமார் 900 சதுர கிலோமீட்டர் நிலத்தில் பிர்ச் காட்டை மீட்கும் திட்டம், 2007-ல் முழுவீச்சில் தொடங்கியது. குட்டையான புல்வெளியில் ஒரு சாண் சாம்பல் விழுந்தால் புல் மூடுண்டு சாகும்; பிறகு காற்று அந்தச் சாம்பலைத் தூக்கிப் பக்கத்து நிலத்தையும் அறுக்கும். பிர்ச் மரம் சாம்பலுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கும். மரங்களுக்கிடையே காற்றின் வேகம் குறையும். விழுந்த சாம்பல் விழுந்த இடத்தில் தங்கி, இலைச்சருகோடு சேர்ந்து, மெல்ல மண்ணாகும். அத்தனை நிலத்திலும் கன்று நட யாராலும் முடியாது. முதலில் புல்விதையும் உரமும், எலும்புத்தூளும்கூட, போட்டு மணலை அசையாமல் நிறுத்துகிறார்கள். பிறகு அங்கங்கே சிறு தோப்புகளாகப் பிர்ச் நடுகிறார்கள். மிச்ச வேலையைக் காற்றிடம் விட்டுவிடுகிறார்கள்: முன்பு மண்ணைக் கொண்டுபோன அதே காற்று இப்போது பிர்ச் விதையைக் கொண்டுபோய், இறுகிய இடங்களில் போடுகிறது.